3:1 நிக்கல் அலுமினைட் அறை வெப்பநிலையில் ஏன் இப்படி உடைகிறது?

உப்புவெளி மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். வெளியூர் கம்பஸ் ஒன்றில் பொருள் விஞ்ஞானம் கடைசி வருடம், இப்போது லீவில் வீட்டில் நிற்கிறேன். புரொஜெக்டுக்கு நிக்கல் அலுமினைட் எடுத்திருக்கிறேன், மூன்று நிக்கல் அணுவுக்கு ஒரு அலுமினியம் அணு உள்ள சேர்வை. இங்கே சுருக்கமாக 3:1 என்று எழுதுகிறேன். சூட்டில் இழக்காத பலம், அலுமினா (அலுமினிய ஒட்சைட்டு) படலம் தருகிற ஒட்சியேற்றத் தடை என்று புத்தகத்தில் படித்துத்தான் ஆசையாக எடுத்தேன்.

ஆர்கன் வாயுவில் மின்பொறியால் ஆர்க் அடித்து உருக்கி ஒரு சின்னக் கட்டி எடுத்தோம். நிறைப்படி 13.3% அலுமினியம், அதாவது சரியாக 3:1. பிறகு 1100 பாகை செல்சியசில் வைத்துச் சீராக்கி, மெல்லிய சட்டங்களாக வெட்டி மெதுவாக வளைத்துப் பார்த்தால் வளையவே இல்லை, அப்படியே முறிந்தது. முறிந்த முகத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் எல்லாம் மணிகளின், அதாவது உலோகத்துக்குள் இருக்கிற சின்னச் சின்னப் பளிங்குகளின், வெளிமுகங்கள், ஒரு மணியின் நடுவால் வெடிப்பு போன இடம் என்று ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எனக்குக் குழப்பம் வந்தது கடினத்தன்மை எடுத்தபோதுதான். வைரக்கூர் பதிந்த இடத்தைச் சுற்றி ஒரு வெடிப்பும் இல்லை, அணுத்தளங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியதைக் காட்டும் வழுக்குக் கோடுகள் அழகாகத் தெரிகின்றன. மணிக்குள்ளே இவ்வளவு இணங்கிப் போகிற உலோகம் சட்டமாக வந்ததும் ஏன் இப்படி?

எங்கள் சேர் சொல்கிறார், இது இயல்பிலேயே நொருங்கும் பொருள், தலைப்பை மாற்றலாம் என்று. மாற்ற மனம் இல்லை. இதில் வேலை செய்த அண்ணாமார் அக்காமார் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அதோடு சூடாக்கினால் பலம் கூடும் என்று எழுதியிருக்கிறதே, அது எப்படி என்றும் யாராவது விளங்கப்படுத்தினால் நல்லது.

மணியெல்லை:

தங்கச்சி, தலைப்பை மாற்ற வேண்டாம். நீங்கள் பார்த்த அந்த இரண்டு விசயமும், உள்ளே வழுக்குக் கோடு, முறிவு மட்டும் மணிகள் ஒன்றையொன்று சந்திக்கும் எல்லையால், இவைதான் இந்தச் சேர்வையின் முழுக் கதையும். இதை விளங்கிக்கொள்ள உலகத்துக்கே கிட்டத்தட்ட 15 வருடம் எடுத்தது.

இதன் பளிங்கு நிக்கலைப் போலவே முகமையக் கனசதுரம், ஆனால் ஒழுங்குபட்டது. மூலைகளில் அலுமினியம், முக நடுக்களில் நிக்கல், எல்-ஒன்-டூ என்று புத்தகத்தில் வருகிற அமைப்பு. வழுக்கும் தளங்களுக்குக் குறைவில்லை, ஒரு மணி பக்கத்து மணியோடு சேர்ந்து வடிவம் மாறத் தேவையான ஐந்து சுயாதீன வழுக்குத் தொகுதிகளும் இருக்கின்றன. தனிப்பளிங்காக வளர்த்தால் அறை வெப்பநிலையிலேயே நன்றாக நீளும். ஆகவே உங்கள் சேர் சொல்வது பல மணி கொண்ட, காற்றில் சோதித்த துண்டுக்குத்தான் பொருந்தும், பளிங்குக்குப் பொருந்தாது.

முதலில் எல்லாரும் கந்தகத்தைச் சந்தேகித்தார்கள், அது மணி எல்லையில் சேர்ந்து பலவீனமாக்குகிறது என்று. சுத்தமாகச் செய்தும் உடைந்தது. 1979 இல் ஜப்பானில் அவோக்கி, இசுமி இருவரும் துளி போறன் சேர்த்ததும் இதே பொருள் நீளத் தொடங்கியது. 1985 இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் லியூ, வைட், ஹோர்ட்டன் ஆகியோர் அதை முறையாகச் செய்து காட்டினார்கள். நிறைப்படி 0.1% போறன் போதும், நீட்சி ஏறத்தாழ 50% வரை போனது, முறிவும் எல்லையை விட்டு மணிக்குள்ளே வந்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: அலுமினியம் அணுப்படி, அதாவது அணு எண்ணிக்கையில், 25% ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும், 24% இல் நன்றாக வேலை செய்யும். 25 ஐத் தாண்டினால் போறன் இருந்தும் பயன் இல்லை.

இந்த இடத்தில் உங்கள் 13.3 ஐக் கவனியுங்கள். அது சரியாக அணுப்படி 25. 24 வேண்டுமென்றால் நிறைப்படி 12.7. தராசில் பார்த்தால் வித்தியாசம் 0.6 தான், ஆனால் மணி எல்லைக்கு அதுதான் எல்லாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 1990 களின் தொடக்கத்தில் ஜோர்ஜ், லியூ, போப் என்பவர்கள் போறனே இல்லாத, அலுமினியம் சற்றுக் குறைந்த துண்டுகளை மிக உயர்ந்த வெற்றிடத்தில் இழுத்துப் பார்த்தார்கள். காற்றில் சில சதவீதத்தோடு முறிந்த அதே பொருள் வெற்றிடத்தில் 20% ஐத் தாண்டி நீண்டது. அப்படியென்றால் எல்லை அவ்வளவு பலவீனமானதல்ல. காற்றிலுள்ள ஈரப்பதன்தான் ஆள். வெடிப்பின் நுனியில் புதிதாகத் திறந்த அலுமினியம் நீராவியைக் கண்டதும் ஒட்சிசனைப் பிடித்துக்கொண்டு ஐதரசன் அணுவை விட்டுவிடும், அந்த அணு மணி எல்லையால் உள்ளே போய் அடுத்த அடியையும் திறக்கும். நீங்கள் வளைக்க வளைக்க இது நடந்துகொண்டே இருக்கும். போறன் செய்த உதவியில் பெரிய பங்கு, எல்லையால் ஐதரசன் ஓடுவதைத் தடுத்ததுதான் என்று பிறகு விளங்கியது.

ஆகவே உங்கள் புரொஜெக்டில் காற்றும் ஒரு மூலப்பொருள். அதை எழுதாமல் விட்டால் முடிவு அரைகுறையாகத்தான் இருக்கும்.

கொட்பே எஞ்சின்:

நான் படிப்பாளி இல்லை பிள்ளை, கொட்பேயில் ஆழ்கடல் வள்ளங்களின் டீசல் எஞ்சின் பார்க்கிறவன். ஆனால் நீங்கள் சொல்கிற சாமான் என் மேசையில் கிடக்கிறது. எஞ்சின் புகையால் சுற்றும் டர்போவின் சூட்டுப் பக்கத்துச் சில்லு, அநேகமாக இன்கனெல் 713 மாதிரி நிக்கல் வார்ப்புத்தான். ஏறத்தாழ 6% அலுமினியம், 12 அல்லது 13% குரோமியம், துளி போறன், துளி சிர்க்கோனியம் என்று அதன் விபரத்தாளில் பார்த்திருக்கிறேன். அந்த 6% அலுமினியம் உள்ளே போய் இந்த 3:1 சேர்வையாகத்தான் நிற்கிறது என்று கம்பஸில் படித்த தம்பி ஒருவர் ஒருமுறை விளங்கப்படுத்தினார். அதனால்தான் புகைச் சூட்டிலும் அந்த வேகத்தில் சில்லு சுற்றுகிறது.

நான் சொல்ல வருவது கடற்கரைக்காரன் விசயம். குரோமியம் இல்லாமல் வெறும் நிக்கலும் அலுமினியமும் மட்டும் வைத்து எஞ்சின் பக்கம் கொண்டு வராதீர்கள். உப்புக் காற்றை எஞ்சின் இழுக்கும், எண்ணெயில் கந்தகம் இருக்கும், இரண்டும் சேர்ந்தால் சோடியம் சல்பேற்றாகிச் சூட்டில் உருகி உலோகத்தின் மேல் படிந்து தின்னும். அந்த நேரம் அலுமினா படலம் மட்டும் நின்று பிடிக்காது. குரோமியம் உள்ள சில்லும் அரிபட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன், இல்லாததை யோசிக்கவே தேவையில்லை.

இன்னொன்று, ஈரம்தான் காரணம் என்றால் கச்சான் காலத்தில் சோதித்துப் பாருங்களேன். ஆனி ஆடியில் மத்தியானக் காற்று எப்படிக் காய்ந்திருக்கும் என்று தெரியும்தானே, வாடை மழைக்குள்ளே வளைத்தால் உடையத்தான் செய்யும்.

உப்புவெளி மாணவி:

மணியெல்லை அக்கா, மிக்க நன்றி, இப்படி ஒருவரும் விளங்கப்படுத்தியதில்லை. கொட்பே மாமா, அந்தச் சில்லு உடைந்ததோ தேய்ந்ததோ இருந்தால் ஒரு துண்டு தருவீர்களா? வெட்டி மினுக்கிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

இரண்டு கேள்வி. சூட்டில் பலம் கூடுவதைப் பற்றி இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. அடுத்தது, 1:1 அலுமினைட் இன்னும் அதிக சூட்டில்தான் உருகும், இலேசானது என்கிறார்களே, 3:1 ஐ விட்டு அதற்குப் போகலாமா?

தம்பலகாமத்தான்:

முதலில் பலம் கூடுகிற விசயம், ஏனென்றால் எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்தது அதுதான்.

சாதாரண உலோகத்தில் டிஸ்லொக்கேஷன் (அணு வரிசையில் உள்ள கோடு போன்ற குறை, அது நகர்வதால்தான் உலோகம் வளைகிறது) ஒன்று வழுக்கிப் போனால் பின்னால் பளிங்கு பழையபடிதான் இருக்கும். ஒழுங்குபட்ட 3:1 இல் அப்படி இல்லை. ஒன்று போனால் அணுக்களின் அயல் குழம்பிவிடும், நிக்கலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது அலுமினியத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்தக் குழப்பத்தைச் சரிசெய்ய இரண்டாவது ஒன்று பின்னாலேயே வர வேண்டும். எனவே இவை எப்போதும் சோடியாகவே திரியும், இடையில் குழம்பிய ஒரு கீற்று இருக்கும், அதற்கு ஒரு சக்திச் செலவு உண்டு. வழமையான எண்முகித் தளத்தில் இந்தச் செலவு அதிகம், கனசதுரத் தளத்தில் குறைவு. சூடு ஏறும்போது சோடியின் முன்னது செலவு குறைந்த கனசதுரத் தளத்துக்குக் கொஞ்சம் தாவும். ஆனால் அந்தத் தளத்தில் அது இலகுவாக ஓட மாட்டாது, ஆகவே அங்கேயே சிக்கிக்கொண்டு சோடி முழுவதையும் பூட்டிவிடும். சூடு கூடக் கூடத் தாவுவது கூடும், பூட்டும் கூடும், யீல்ட் வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் வலிமை) ஏறும். சேர்மானத்தைப் பொறுத்து 600 இலிருந்து 800 பாகைக்குள் உச்சம் வரும், அறை வெப்பநிலையில் இருந்ததைவிடச் சில மடங்கு. அதற்கு மேலே போனால் கனசதுரத் தளத்திலேயே ஓட்டம் இலகுவாகிவிடும், பலம் இறங்கத் தொடங்கும்.

இதைக் கேர்-வில்ஸ்டோர்ஃப் பூட்டு என்பார்கள், 1962 இல் அவர்கள் முதலில் கண்டது செம்பும் தங்கமும் சேர்ந்த ஒழுங்குபட்ட கலப்புலோகத்தில். 3:1 நிக்கல் அலுமினைட் சூட்டில் கடினமாவதை அதற்கு முன்னரே, 1957 இல், வெஸ்ட்புரூக் அளந்திருந்தார்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஏற்றம் தெரிவது வழமையான 0.2% விகாரத்தில், அதாவது துண்டு அந்த அளவு நிரந்தரமாக வடிவம் மாறியதும், எடுக்கிற வலிமையில்தான். மிக நுண்ணிய விகாரத்தில், மில்லியனில் ஒன்று என்ற அளவில் எடுத்தால் ஏற்றம் ஏறத்தாழக் காணாமல் போய்விடும். ஏனென்றால் பூட்டு விழ டிஸ்லொக்கேஷன் கொஞ்சத் தூரமாவது ஓடியிருக்க வேண்டும். ஆகவே எந்த விகாரத்தில் எடுத்தேன் என்பதை ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதுங்கள்.

அடுத்து 1:1. உருகுநிலை 1638 பாகை, அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 5.9 கிராம் அளவு, 3:1 இன் அடர்த்தி 7.5 அளவு. வெப்பக் கடத்துதிறனும் சூட்டைத் தாங்கச் செய்த நிக்கல் சூப்பர்அலோய்களைவிடப் பல மடங்கு. காகிதத்தில் பார்த்தால் எல்லாவற்றிலும் மேல். ஆனால் அதன் பளிங்கு வேறு. கனசதுர மூலைகளில் ஒன்று, நடுவில் மற்றது. வழுக்கு கனசதுரப் பக்கத்தின் திசையில் மட்டும் நடப்பதால் சுயாதீனத் தொகுதிகள் மூன்றுதான். ஐந்து வேண்டிய இடத்தில் மூன்று. பல மணி உள்ள துண்டை இழுத்தால் அயல் மணிகள் ஒன்றுக்கொன்று இணங்க வழியே இல்லை, 300, 400 பாகை தாண்டும் வரை நொருங்கும். போறன் போட்டால் எல்லை பலமாகும், முறிவு மணிக்குள்ளே மாறும், ஆனால் நீட்சி வராது. 3:1 இல் நடந்த அந்த அதிசயம் இதில் நடக்கவில்லை. குரோமியமும் மொலிப்டினமும் சேர்த்து ஒரே திசையில் உறைய வைத்து அடுக்கடுக்கான யூரெக்டிக்காக (இரண்டு கட்டங்கள் ஒன்றாக உறையும் கலவையாக) செய்தால் வெடிப்புக்கு எதிரான தாங்குதிறன் கூடும், ஆனால் அதற்கான உலை உங்கள் கம்பஸில் இருக்குமா என்று பாருங்கள். கடைசி வருடப் புரொஜெக்டுக்கு 3:1 தான் சரி.

மணியெல்லை அக்காவோடு ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. காற்றை முதலில் பிடிக்கச் சொல்கிறீர்கள். மாணவிக்கு மிக உயர்ந்த வெற்றிடத்தில் இழுக்கும் யந்திரம் யார் தருவது? முதலில் 24% க்கு இறங்கிப் போறனைப் போடட்டும், துண்டு வளையட்டும், அதைக் காட்டினாலே சேர் ஒத்துக்கொள்வார். காற்றைப் பற்றிப் பிறகு பேசலாம்.

மணியெல்லை:

தம்பலகாமத்தான், போறன் போட்டு வளைய வைப்பது 1985 ஐ மறுபடி செய்வது. அது நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். காற்றின் பங்கைப் பார்க்கப் பெரிய யந்திரம் கட்டாயமில்லை. ஒரே கட்டியில் வெட்டிய துண்டுகளை இரண்டு வேகத்தில் வளைக்கச் சொல்லுங்கள், ஒன்று மிக மெதுவாக, மற்றது யந்திரம் போகிற அளவு வேகமாக. ஐதரசன் உள்ளே போக நேரம் வேண்டும். வேகமாக வளைத்த துண்டு கூடுதலாக வளைந்து முறிந்தால் அது எல்லையின் இயல்பு அல்ல, காற்று செய்கிற வேலை என்பதற்கு நல்ல சாட்சி. எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடிய சோதனை. ஆனால் 24% க்கு முதலில் இறங்க வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது சரி, 25% இல் வைத்துக்கொண்டு வேகத்தை மாற்றி ஒன்றும் தெளிவாக வராது.

கொட்பே அண்ணை, கச்சான் யோசனை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உதவாது. எங்களுக்குக் காய்ந்த காற்று என்று தோன்றுவதிலும் இந்த வேலைக்குத் தேவையான நீராவி தாராளமாக இருக்கிறது. மிகக் கொஞ்ச நீராவியே போதும், அதனால்தான் அவர்கள் அவ்வளவு உயர்ந்த வெற்றிடத்துக்குப் போனார்கள். மற்றபடி குரோமியம் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போறன் போட்ட 3:1 அறை வெப்பநிலையில் நன்றாக நீண்டாலும் 600 இலிருந்து 800 பாகைக்குள் காற்றிலே இழுத்தால் மறுபடி எல்லையால் முறியும். இந்த முறை ஆள் ஒட்சிசன். அணுப்படி 8% அளவு குரோமியம் போட்டுத்தான் அதை அடக்கினார்கள். ஐசி-221எம் என்ற ஓக் ரிட்ஜ் கலப்புலோகம் அப்படி வந்ததுதான்: நிறைப்படி ஏறத்தாழ 8 அலுமினியம், 7.7 குரோமியம், 1.4 மொலிப்டினம், 1.7 சிர்க்கோனியம், மிக மிகக் கொஞ்சம் போறன், மிகுதி நிக்கல். காபன் ஏற்றும் உலைகளில் தட்டுகளாக அமெரிக்காவில் டெல்ஃபை என்ற வாகன உதிரிப்பாக நிறுவனம் பாவித்தது. அதன் நுண்கட்டமைப்பையும் ஒருமுறை பாருங்கள், தங்கச்சி. கிளை கிளையாக வளர்ந்த வார்ப்பு, இடையில் சிர்க்கோனியம் சேர்ந்த யூரெக்டிக் இருக்கும். அது சீக்கிரம் உருகும் என்பதால் வெல்டிங் செய்யும்போது சூட்டு வெடிப்பு வரும்.

கொட்பே எஞ்சின்:

சிர்க்கோனியமா? புல்மோட்டை மணலில் சிர்க்கோன் இருக்கிறதே. அந்த மணலை வார்ப்பு அச்சுக்குப் பாவிப்பார்கள் என்று தெரியும், உலோகமாக்கி இப்படி உள்ளேயும் போடுவார்கள் என்று இன்றுதான் அறிகிறேன். எங்கள் கரையில் கிடக்கிற சாமான்.

பிள்ளை, சில்லுத் துண்டு இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பெரிய அளவில் உருக்குவதாக இருந்தால் உருகிய நிக்கலுக்குள் அலுமினியத்தைத் திடீரென்று போட வேண்டாம். இரண்டும் சேரும்போது சொந்தச் சூட்டிலேயே வெள்ளையாக எரியும், துள்ளித் தெறிக்கும். பட்டறைக்காரர் எல்லாருக்கும் அந்தப் பயம் இருக்க வேண்டும்.

மணியெல்லை:

அண்ணை சொல்வதைக் கட்டாயம் கேளுங்கள். அந்த வெப்பத்தை வைத்தே அலுமினியத்தையும் நிக்கலின் ஒரு பகுதியையும் உலையில் அடுக்கிப் பாதுகாப்பாக உருக்கும் முறையும் ஓக் ரிட்ஜில் உண்டாக்கினார்கள், ஆனால் உங்களுக்கு ஆர்க்கில் சின்னக் கட்டியே போதும். போறனைத் தனித்தூளாகப் போடாதீர்கள். 20 கிராம் கட்டிக்கு 20 மில்லிகிராம்தான் வரும், ஆர்க் அடிக்கும்போது பறந்துவிடும். முன்கூட்டியே நிக்கலோடு போறன் சேர்த்து உருக்கிய தாய்க் கலப்பாக வாங்கிப் போடுங்கள். கட்டியைப் புரட்டிப் புரட்டிப் பல தடவை உருக்குங்கள், பிறகு சேர்மானத்தை அளந்தே தீருங்கள், ஏனென்றால் அலுமினியம் கொஞ்சம் ஆவியாகப் போனாலும் 24 எங்கே நிற்கிறது என்று தெரியாமல் போய்விடும். மினுக்கிய முகத்தை அரித்து நுண்கட்டமைப்பைத் தெரிய வைக்க மார்பிள் கரைசல் போதும், 4 கிராம் கொப்பர் சல்பேற்று, 20 மில்லிலீற்றர் ஐதரோகுளோரிக் அமிலம், 20 தண்ணீர், புகைப்பெட்டிக்குள் வைத்து.

உப்புவெளி மாணவி:

அக்கா, கடைசியாக ஒன்று. மிச்சத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறேன், கடலுக்கு முன்னாலேயே அறை, ஒரு டிசுவில் சுற்றி மேசையில் கிடக்கிறது. இந்த ஈரக் காற்றில் அவை ஏற்கெனவே பழுதாகியிருக்குமா? சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைக்க வேண்டுமா?

மணியெல்லை:

பழுதாகாது. சும்மா கிடக்கும் துண்டின் மேலே ஒட்சைட்டுப் படலம் இருக்கும், அது நீராவியை உலோகத்தோடு பேச விடாது. இந்தக் கேடு நடப்பது வளைக்கிற அந்த நேரத்தில், படலம் கிழிந்து புது உலோகம் திறக்கிற நுனியில் மட்டும். ஆகவே சிலிக்கா ஜெல்லில் மாதக்கணக்காக வைத்துவிட்டுக் காற்றில் வளைத்தாலும் அதே மாதிரித்தான் முறியும். ஏற்கெனவே முறிந்த முகங்களை மட்டும் மூடி வையுங்கள், உப்புப் படிந்தால் நுணுக்குக்காட்டியில் எது உப்பு எது உலோகம் என்று தெரியாது. வளைக்கிற நாளில் அறையின் ஈரப்பதனையும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், முறிந்த முகத்தின் படங்களை இங்கே போடுங்கள், பார்ப்போம்.

தம்பலகாமத்தான்:

படம் போடும்போது அளவுகோட்டை மறக்க வேண்டாம். மெதுவாக வளைத்தது ஒரு பக்கம், வேகமாக வளைத்தது மறுபக்கம், ஒரே உருப்பெருக்கத்தில். அக்கா சொன்ன வேகச் சோதனையை நானும் பார்க்கக் காத்திருக்கிறேன்.